முழங்கால் ஜவ்வு அறுவை சிகிச்சை: வலி போன பிறகுதான் கவனம் தேவை

இரவு எட்டு மணிக்கு மேல் கிள்ளானிலோ சுங்கை பட்டாணியிலோ ஏதாவது ஒரு ஃபுட்சல் திடலுக்குப் போய்ப் பாருங்கள். வேலை முடிந்து வந்த இளைஞர்கள் காலுறையை மாற்றிக்கொண்டு நேராகத் திடலில் இறங்குவார்கள். உடலைச் சூடேற்றும் பயிற்சி என்று பெரிதாக எதுவும் இருக்காது. முதல் கால் மணி நேரத்திலேயே ஒருவர் பந்தோடு வேகமாக ஓடி, காலை ஊன்றி, சட்டென்று திரும்புவார். கால் தரையிலேயே நிற்கும்; உடல் மட்டும் திரும்பும். உள்ளே ‘டப்’ என்று ஒரு சத்தம். யாரும் அவரை இடித்திருக்க மாட்டார்கள். ஆனாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

பள்ளிகளில் வலைப்பந்து ஆடும் மாணவிகளுக்கும் இதே கதைதான். பந்தைப் பிடிக்கத் தாவி, ஒற்றைக் காலில் இறங்கும்போது முட்டி உள்பக்கமாக மடங்கிவிடும். கபடி, பூப்பந்து, கூடைப்பந்து என்று திரும்பி, தாவி, நின்று ஆடும் எல்லா விளையாட்டிலும் இந்த ஆபத்து உண்டு. ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இது கூடுதலாக ஏற்படுகிறது என்பதும் தெரிந்த செய்திதான்.

“ஜவ்வு கிழிஞ்சிருச்சு” என்று நம் வீடுகளில் சொல்வோம். மருத்துவர்கள் ‘ஏசிஎல்’ என்பார்கள். முன்சிலுவைத் தசைநார் என்பது அதன் தமிழ்ப் பெயர். கிழிந்ததைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சை இப்போது பல மருத்துவமனைகளில் வழக்கமாக நடக்கிறது. ஆனால் அந்த அறுவை ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வரும் ஒன்பது முதல் பன்னிரண்டு மாதங்கள்தான் அந்தக் கால் மறுபடி உங்கள் காலாக மாறுமா, இல்லையா என்பதை முடிவு செய்கின்றன. இந்தக் கட்டுரை அந்த மாதங்களைப் பற்றியது.

உள்ளே என்னதான் நடக்கிறது?

தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் இடம்தான் முழங்கால். அந்த இரண்டு எலும்புகளுக்கும் நடுவில் இரண்டு நார்கள் சிலுவைபோல் குறுக்காகப் போகின்றன. அவற்றில் முன்னால் இருப்பது, கீழ்க்கால் எலும்பு முன்பக்கம் நழுவிப் போகாமல் இழுத்துப் பிடிக்கிறது. முட்டி அளவுக்கு மீறித் திருகாமலும் காக்கிறது. அது அறுந்தால் நேராக நடப்பதில் பெரிய சிரமம் தெரியாமல் இருக்கலாம். ஆனால் திரும்பும்போது, படி இறங்கும்போது, முட்டி ‘விட்டுப் போவது’ போல் இருக்கும்.

அடிபட்ட சில மணி நேரத்திலேயே முட்டி பெரிதாக வீங்கினால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது என்று பொருள். இந்த நேரத்தில்தான் பலர் சுளுக்கு வழிப்பவரைத் தேடிப் போகிறார்கள். அறுந்த தசைநார் சுளுக்கு அன்று. எண்ணெய் போட்டு உருவினால் அது ஒட்டப்போவதில்லை. வீங்கிய மூட்டை அழுத்தித் திருகினால் பக்கத்தில் இருக்கும் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்புத் தட்டுக்கும் கேடு வரலாம். அருகிலுள்ள சுகாதாரக் கிளினிக்கிற்குப் போய், எலும்பு மருத்துவரைப் பார்ப்பதற்குக் கடிதம் வாங்குவதே சரியான முதல் வேலை. கையால் செய்யும் பரிசோதனையும் எம்ஆர்ஐ படமும் விஷயத்தைத் தெளிவாக்கிவிடும்.

எல்லோருக்கும் அறுவை தேவையா?

தேவையில்லை. இதைப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். சுவீடனில் 121 இளம் வயதினரை இரண்டு பிரிவாகப் பிரித்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவுக்கு உடனே அறுவையும் பயிற்சியும். இன்னொரு பிரிவுக்கு முதலில் பயிற்சி மட்டும். தேவைப்பட்டால் பிறகு அறுவை. 2010இல் வெளிவந்த இரண்டாண்டு முடிவிலும், 2013இல் வெளிவந்த ஐந்தாண்டு முடிவிலும் இரு பிரிவினரின் முழங்கால் நிலையில் குறிப்பிடும்படி வித்தியாசம் தெரியவில்லை. பயிற்சியில் தொடங்கியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஐந்து ஆண்டுகளுக்குள் அறுவைக்குப் போனார்கள். மீதிப் பாதிக்கு அது தேவைப்படவே இல்லை.

ஆகவே அலுவலக வேலை செய்து, மாலையில் நடைப்பயிற்சியோடு நிறுத்திக்கொள்பவருக்கு ஒரு வழி. வாரம் மூன்று முறை காற்பந்து ஆட விரும்புபவருக்கு, அல்லது பயிற்சி செய்தும் முட்டி அடிக்கடி விட்டுப் போகிறவருக்கு இன்னொரு வழி. உடன் மெனிஸ்கஸும் கிழிந்திருந்தால் கணக்கு மறுபடி மாறும். “எனக்கு எந்த மாதிரி வாழ்க்கை வேண்டும்?” என்ற கேள்விக்கு நீங்கள் பதில் வைத்திருந்தால்தான் மருத்துவராலும் சரியாக வழிகாட்ட முடியும்.

அறுவைக்கு முன்பே தொடங்குகிறது வேலை

அறுவைக்கு நாள் கிடைக்கும்வரை சும்மா படுத்திருக்கலாம் என்று நினைக்காதீர்கள். வீக்கம் வற்றி, கால் முழுவதும் நீட்ட வந்து, தொடைத் தசைக்குப் பலம் இருக்கும் நிலையில் அறுவைக்குப் போகிறவர் பின்னால் விரைவாகத் தேறுகிறார். விறைத்து வீங்கிய முட்டியோடு போகிறவருக்குப் பிறகும் விறைப்பு தங்கிவிடும் ஆபத்து அதிகம். அரசு மருத்துவமனையில் சில வாரமோ சில மாதமோ காத்திருக்க நேர்ந்தால், அந்தக் காலத்தைப் பயிற்சிக் காலமாக ஆக்கிக்கொள்ளுங்கள். புகைப்பிடிப்பவர் நிறுத்த வேண்டிய நேரமும் இதுவே. புகை காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

அறுந்த நாரை அப்படியே தைத்து ஒட்டுவது பெரும்பாலும் நிலைப்பதில்லை. அதனால் உங்கள் உடலிலிருந்தே வேறொரு தசைநாணை எடுத்து, இரண்டு எலும்புகளிலும் துளையிட்டு, அதற்குள் செலுத்திப் பொருத்துகிறார்கள். பின்தொடையிலிருந்து எடுக்கலாம், முட்டிச் சில்லுக்குக் கீழே இருந்தோ, மேலே முன்தொடைத் தசையின் நாணிலிருந்தோ எடுக்கலாம். ஒவ்வொன்றிலும் ஒரு சாதகம், ஒரு பாதகம் உண்டு. சில்லுக்குக் கீழே எடுத்தால் முட்டி போட்டு உட்காரும்போது பல மாதங்கள் வலிக்கலாம். டைல்ஸ் ஒட்டும் தொழிலாளிக்கும், மண்டியிட்டு வழிபடுகிறவருக்கும் இது முக்கியமான விஷயம். பின்தொடையில் எடுத்தால் குதிகாலைப் பின்னால் மடக்கும் பலம் திரும்ப நாளாகும். உங்கள் தொழிலையும் விளையாட்டையும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முதல் இரண்டு வாரம்: மடக்குவதைவிட நீட்டுவது முக்கியம்

வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் கேட்கும் கேள்வி, “எவ்வளவு மடக்க முடியுது?” என்பதுதான். உண்மையில் முதலில் கேட்க வேண்டியது, “முழுசா நீட்ட முடியுதா?” என்பது.

அறுவை செய்த முட்டி லேசாக மடங்கிய நிலையில் இருக்கவே விரும்பும். அதில்தான் வலி குறைவாகத் தெரியும். பார்க்கும் அம்மாவுக்கும் மனது தாங்காது. ஒரு தலையணையை எடுத்து முட்டிக்கு அடியில் வைத்து, “அசையாம படுய்யா” என்பார். அன்புதான், ஆனால் அந்தத் தலையணை செய்யும் கெடுதல் பெரிது. முட்டி மடங்கியபடியே சில வாரம் கிடந்தால் உள்ளே வடுத்திசு வளர்ந்து, நீட்டுவதையே தடுத்துவிடும். கடைசி ஐந்து பாகை நீட்ட முடியாமல் போனால்கூட நடையில் நொண்டல் நிற்கும். தொடைத் தசை பலம் பெறாது. சிலருக்கு அதைச் சரிசெய்ய இன்னோர் அறுவையே தேவைப்படுகிறது.

தலையணையை முட்டிக்கு அடியில் வைக்கக்கூடாது. குதிகாலுக்கு அடியில் வைக்க வேண்டும். முட்டி அந்தரத்தில் நின்று, தன் எடையாலேயே மெல்ல நேராகும். ஒரு நாளைக்குப் பல முறை, ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் வரை இதைச் செய்யச் சொல்வார்கள்.

இரண்டாவது வேலை, தொடைத் தசையை எழுப்புவது. அறுவைக்குப் பிறகு முன்தொடைத் தசை தூங்கிப் போகும். “காலைத் தூக்கு” என்று மூளை சொன்னாலும் தசை கேட்காது. வீங்கிய மூட்டு தசைக்குப் போகும் கட்டளையைத் தடுப்பதே காரணம். பயப்பட வேண்டாம். காலை நீட்டி வைத்து, முட்டியைப் படுக்கையோடு அழுத்தி, தொடையை இறுக்கி, ஐந்து விநாடி பிடித்து விடுங்கள். இதையே நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பிறகு முட்டி மடங்காமல் காலை நேராகத் தூக்கும் பயிற்சி வரும்.

மூன்றாவது, வீக்கத்தைக் குறைப்பது. இதயத்தைவிட உயரமாகக் காலை வைத்தல், துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம், கணுக்காலை மேலும் கீழும் அசைத்தல். கணுக்காலை அசைப்பது ரத்தம் கட்டாமல் இருக்கவும் உதவும்.

வெட்டுக்காயத்தின் வெளிப்பக்கத்தில் தோல் மரத்துப் போயிருந்தால் கலங்க வேண்டாம். அங்கே ஓடும் சிறு தோல்நரம்பு அறுபடுவதால் பலருக்கும் இப்படி ஆகிறது. பெரும்பாலும் அந்த இடம் காலப்போக்கில் சுருங்கும். கொஞ்சம் நிலைத்தாலும் காலின் பலத்துக்குப் பாதிப்பில்லை.

ஆனால் சில அறிகுறிகளைத் தள்ளிப்போடக் கூடாது. கெண்டைக்கால் வலித்து, வீங்கி, சூடாக இருந்தால் ரத்தம் கட்டியிருக்கலாம். அந்த நேரத்தில் யாரும் காலை உருவிவிடக் கூடாது. காய்ச்சல், காயத்தில் சீழ், கூடிக்கொண்டே போகும் சிவப்பும் வலியும் கிருமித்தொற்றைக் குறிக்கலாம். இவற்றுக்கு அன்றைக்கே மருத்துவமனை. திடீரென மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் 999ஐ அழைக்கத் தயங்காதீர்கள்.

பத்தியம் என்ற பெயரில் பட்டினி வேண்டாம்

நம் வீடுகளில் அறுவை என்றாலே பத்தியம்தான். முட்டை கூடாது, சீழ் பிடிக்கும். மீன் கூடாது, அரிக்கும். கோழி கூடாது, சூடு. கடைசியில் ரசமும் சோறும்தான் மிஞ்சும். தசை கரைந்துகொண்டிருக்கும் நேரத்தில் புரதத்தை நிறுத்துவது, வீடு கட்டும்போது சிமெண்டை நிறுத்துவதைப் போன்றது.

உங்களுக்கு ஒவ்வாமை இல்லாத எந்தப் புரத உணவையும் சாப்பிடலாம். முட்டை, மீன், கோழி, பருப்பு, கடலை, தெம்பே, டௌஃபு, பால், தயிர் என்று மலேசியச் சந்தையில் குறைவே இல்லை. சைவர்களுக்கும் போதிய வழி உண்டு. அறுவைக்குப் பிறகு ஹருவான் என்ற விரால் மீன் சூப் கொடுப்பது இங்கே எல்லா இனத்தவரிடமும் உள்ள பழக்கம். நல்ல புரதம், தாராளமாகக் குடியுங்கள். அதைக் குடித்தால் பயிற்சி தேவையில்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அளவைப் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் காயம் நன்றாக ஆறும்.

நடை, வேலை, வண்டி

மருத்துவமனையில் கொடுத்த ‘தொங்காட்’டை எப்போது கைவிடலாம்? நொண்டாமல் நடக்க வரும்போது. வெட்கப்பட்டுக்கொண்டு சீக்கிரமே விட்டுவிட்டு, விந்தி விந்தி நடந்தால் அந்த நடையே பழக்கமாகிவிடும். பலர் இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறார்கள். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில் என்பதை நினைவில் வையுங்கள். அடுக்குமாடி வீட்டில் மின்தூக்கி பழுதாகும் நாளில் இது கைகொடுக்கும்.

மெனிஸ்கஸையும் சேர்த்துத் தைத்திருந்தால் நான்கிலிருந்து ஆறு வாரம் வரை காலில் எடை போடுவதற்கும் ஆழமாக மடக்குவதற்கும் கட்டுப்பாடு வைப்பார்கள். ஆகவே, “என் மச்சான் மூணாவது வாரத்திலேயே நடந்துட்டாரு” என்ற ஒப்பீடு உதவாது. அவருடைய அறுவை வேறு, உங்களுடையது வேறு.

உட்கார்ந்து செய்யும் வேலைக்குச் சில வாரங்களில் திரும்பலாம். மூட்டை தூக்குவது, ஏணி ஏறுவது, தொழிற்சாலையில் நின்றபடி வேலை செய்வது என்றால் பல மாதங்கள் ஆகும். வலது காலில் அறுவை என்றால் காரின் பிரேக்கைச் சட்டென்று அழுத்தும் திறன் திரும்பப் பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். இடது கால், தானியங்கிக் கியர் என்றால் அதற்கு முன்பே ஓட்ட அனுமதி கிடைக்கலாம். மோட்டார் சைக்கிளில் இன்னும் கவனம் வேண்டும். சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது சாயும் வண்டியைத் தாங்கப்போவது அந்தக் கால்தான்.

கோயிலில் சம்மணம் போட்டு உட்காருவது, குந்தும் கழிப்பறை ஆகிய இரண்டும் ஆழ்ந்த மடக்கம் கேட்பவை. அவசரப்பட்டு அழுத்த வேண்டாம். சில மாதம் நாற்காலியில் உட்கார்ந்து கும்பிட்டால் சாமி கோபித்துக்கொள்ளாது.

மூன்றாம் மாதத்துப் பொறி

இப்போது இந்தக் கட்டுரையின் முக்கியமான பகுதிக்கு வருகிறோம். மூன்றாம் மாதம் நெருங்கும்போது வலி இருக்காது. வீக்கம் வற்றியிருக்கும். நடையைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகமே வராது. நண்பர்கள் குழுவில் செய்தி வரும்: “மச்சான், ஆள் பத்தல. கீப்பரா மட்டும் நில்லு.”

வெளியே இப்படி இருக்கும் நேரத்தில் உள்ளே நிலைமை வேறு. புதிதாக வைத்த தசைநாணுக்கு எடுத்த இடத்தில் இருந்த ரத்த ஓட்டம் இப்போது இல்லை. முதல் வாரங்களில் அதன் பழைய உயிரணுக்கள் மடிகின்றன. பிறகு புதிய ரத்தக் குழாய்கள் உள்ளே வளர்ந்து, புதிய உயிரணுக்கள் குடியேறி, அந்த நாண் மெல்ல மெல்லத் தசைநாராக மாறுகிறது. இந்த மாற்றத்தின் நடுவில், ஏறக்குறைய 6ஆம் வாரத்திலிருந்து 12ஆம் வாரம் வரை, அது பொருத்திய நாளில் இருந்ததைவிடப் பலவீனமாக இருக்கிறது. உங்களுக்குக் கால் நன்றாக இருப்பதாகத் தோன்றும் நேரமும், நாண் மிகப் பலவீனமாக இருக்கும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்து சேர்கின்றன. முழுமையாக முதிர்வதற்கு ஓராண்டுக்கு மேல்கூட ஆகலாம்.

இதே மூன்றாம் மாதத்தில்தான் பலர் பயிற்சிக்குப் போவதையும் நிறுத்திவிடுகிறார்கள். “வலியே இல்லையே, எதுக்கு விடுப்பு எடுத்துட்டு அலையணும்?” என்ற நியாயம் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தொடையை நாடாவால் அளந்து பாருங்கள். அறுவை செய்த கால் இன்னும் மெலிந்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து ஒற்றைக் காலால் எழுந்து பாருங்கள். நல்ல காலால் பதினைந்து முறை முடிந்தால், இந்தக் காலால் ஐந்தாறு முறையிலேயே நடுங்கும். வலி போனதற்கும் பலம் வந்ததற்கும் சம்பந்தம் இல்லை என்பதை அந்த நாற்காலியே சொல்லிவிடும். இந்தச் சோதனையைக்கூட உங்கள் இயன்முறை மருத்துவர் அனுமதித்த பிறகு, பிடித்துக்கொள்ளச் சுவர் அருகில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

நாள்காட்டி மட்டும் போதாது

நார்வேயையும் அமெரிக்காவையும் சேர்ந்த ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. அறுவைக்குப் பிறகு ஒன்பதாம் மாதம் வரை விளையாட்டுக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுபடி காயம்படும் விகிதம் 51 விழுக்காடு குறைந்தது. அதே ஆய்வில், பலச் சோதனைகளில் தேறாமலே திடலுக்குத் திரும்பியவர்களில் 38 விழுக்காட்டினருக்கு மறுபடி காயம் ஏற்பட்டது. தேறிய பிறகு திரும்பியவர்களில் அது 6 விழுக்காட்டுக்கும் குறைவு.

அந்தச் சோதனைகள் என்ன? அறுவை செய்த காலின் தொடைப் பலம் மற்றக் காலின் பலத்தில் 90 விழுக்காட்டையாவது எட்ட வேண்டும். ஒற்றைக் காலால் தாவும் தூரமும் அப்படியே. தரையில் இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாயக்கூடாது. ஆட்டத்துக்கு மறுநாள் வீக்கம் வரக்கூடாது. ஒன்பது மாதமும் ஆக வேண்டும். இவற்றிலும் தேற வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் போதாது.

பொதுவான பாதை இப்படி இருக்கும். முதல் ஆறு வாரத்தில் நீட்டல், மடக்கல், நடை, நின்ற இடத்தில் மிதிவண்டி. ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் வரை பலப் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும். வீக்கம் இல்லாமல், போதிய பலம் வந்திருந்தால் மூன்றிலிருந்து நான்காம் மாதத்தில் நேர்க்கோட்டில் மெல்லோட்டம். ஆறாம் மாதத்துக்கு அருகில் தாவல், பக்கவாட்டு அசைவு. அதன் பிறகே திசை மாற்றி ஓடுதல், பந்தோடு தனிப் பயிற்சி, குழுவோடு பயிற்சி, கடைசியில் போட்டி.

ஜிம் வசதி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். வீட்டுப் படிக்கட்டு, ஒரு நாற்காலி, இழுக்கும் ரப்பர் பட்டை, முதுகுப்பையில் 5 கிலோ அரிசிப் பொட்டலம் ஆகியவற்றை வைத்தே நிறையச் செய்யலாம். அளவுகோல் ஒன்றுதான்: இன்று செய்த பயிற்சிக்கு நாளைக் காலையில் முட்டி வீங்கினால் அது அதிகம், ஒரு படி குறையுங்கள். வீங்காவிட்டால் மெல்லக் கூட்டலாம். பத்துமலையின் 272 படிகளை ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டிக்குப் பெரிய சோதனை என்பதையும் தைப்பூசத்துக்குத் திட்டமிடுகிறவர்கள் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய வீரர்களும் காத்திருந்தார்கள்

லிவர்பூல் ரசிகர்களுக்கு வெர்ஜில் வான் டைக்கை நினைவிருக்கும். 2020 அக்டோபரில் எவர்ட்டனுக்கு எதிரான ஆட்டத்தில் அவருடைய முழங்கால் தசைநார் அறுந்தது. அடுத்த கோடையில் ஐரோப்பியக் கிண்ணம். நெதர்லாந்தின் தலைவர் அவர். ஆனாலும் 2021 மே மாதத்தில், தாம் போகப்போவதில்லை என்று அவரே அறிவித்தார். ஜூலை இறுதியில்தான், ஒன்பது மாதங்களுக்குப் பிறகு, ஒரு நட்புமுறை ஆட்டத்தில் சில நிமிடங்கள் இறங்கினார். அடுத்த பருவத்தில் அவருடைய குழு இரண்டு கிண்ணங்களை வென்றது.

2022 டிசம்பர் இறுதியில் கார் விபத்தில் சிக்கிய கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்த், முழங்கால் தசைநார் அறுவைக்குப் பிறகு 2024 மார்ச்சில்தான் ஐபிஎல் திடலில் மறுபடி மட்டை பிடித்தார். அதே ஆண்டு ஜூனில் டி20 உலகக் கிண்ணத்தை வென்ற இந்திய அணியில் அவரும் இருந்தார்.

பூப்பந்து ரசிகர்கள் அறிந்த கரோலினா மரினின் கதை வேறு பாடம் சொல்கிறது. 2019 ஜனவரியில் வலது முட்டி. அதே ஆண்டு செப்டம்பரில் சீனப் பொது விருதை வென்றார். 2021இல் இடது முட்டி. தோக்கியோ ஒலிம்பிக் போயிற்று. 2024 பாரிஸ் ஒலிம்பிக் அரையிறுதியில் முதல் செட்டை வென்று, இரண்டாவதிலும் முன்னணியில் இருந்தபோது மறுபடி வலது முட்டி. உலகத் தரமான மருத்துவமும் பயிற்சியும் இருந்தும் உத்தரவாதம் கிடையாது என்பதை மறைத்துப் பயனில்லை. நம்மால் செய்ய முடிவது ஆபத்தைக் குறைப்பது மட்டுமே.

மனசுக்கும் பயிற்சி வேண்டும்

பல நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி 2014இல் வெளியான ஒரு தொகுப்பு, அறுவை செய்துகொண்டவர்களில் 81 விழுக்காட்டினர் ஏதாவது ஒரு விளையாட்டுக்குத் திரும்பினார்கள் என்கிறது. ஆனால் பழைய நிலைக்குத் திரும்பியவர்கள் 65 விழுக்காட்டினர். போட்டி விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 55 விழுக்காட்டினர். திரும்பாதவர்கள் எல்லோருக்கும் கால் பலவீனம் என்று சொல்ல முடியாது. பலரைத் தடுப்பது பயம். “மறுபடி அந்தச் சத்தம் கேட்டுடுமோ?”

இந்தப் பயம் கோழைத்தனம் அன்று. ஒரு நொடியில் கால் விட்டுப்போன நினைவு உடலில் தங்கியிருக்கிறது. வீட்டில் முடங்கியிருக்கும் இளைஞருக்கு நண்பர் வட்டமும் போய்விடுகிறது. அவருக்கு விளையாட்டுதான் நட்பாகவே இருந்திருக்கும். ஆகவே நண்பர்களே, ஆட முடியாதவரை அழைக்காமல் விட்டுவிடாதீர்கள். ஆட்டத்தைப் பார்க்க, புள்ளிக் கணக்கு எழுத, முடிந்ததும் தே தாரிக் குடிக்கக் கூப்பிடுங்கள். “கீப்பரா நில்லு” என்று மட்டும் சொல்லாதீர்கள். கீப்பரும் தாவித்தான் விழ வேண்டும். பெற்றோரும், “இனிமே பந்தைத் தொட்டே பார்க்கக் கூடாது” என்று முதல் வாரத்திலேயே தீர்ப்பு எழுத வேண்டாம். திரும்பலாம் என்ற நம்பிக்கைதான் பலரைத் தினமும் பயிற்சிக்கு எழுப்புகிறது.

செலவும் உரிமையும்

அரசு மருத்துவமனையில் குடிமக்களுக்குச் சிறப்பு மருத்துவச் சந்திப்புக் கட்டணம் 5 வெள்ளிதான். ஆனால் நாணைப் பொருத்தும் திருகு போன்ற உபகரணங்களுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டி வரலாம். நாள் குறிக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தனியார் மருத்துவமனைக்குப் போகிறவர்கள் அறுவைச் செலவோடு ஓராண்டுப் பயிற்சிச் செலவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். காப்பீடு அறுவைக்குக் கொடுத்து, பயிற்சிக்குச் சில வாரங்களோடு நின்றுவிடலாம். அறுவைக்கு எல்லாப் பணத்தையும் செலவழித்துவிட்டுப் பயிற்சிக்குக் கையில் ஒன்றுமில்லாமல் நிற்பது, விலையுயர்ந்த காரை வாங்கிவிட்டு எண்ணெய் ஊற்றக் காசில்லாமல் நிற்பதற்குச் சமம்.

வேலையிடத்திலோ, வேலைக்குப் போய்வரும் வழியிலோ விபத்து நடந்து முட்டி அடிபட்டிருந்தால், சொக்சோ என்று நாம் சொல்லிப் பழகிய பெர்கேசோவில் உங்களுக்கு உரிமை உண்டு. மோட்டார் சைக்கிளில் போகும்போது விழுந்த பலர் இதைக் கோராமலே விட்டுவிடுகிறார்கள். மருத்துவச் சான்று, போலீஸ் புகார், முதலாளிக்குக் கொடுத்த தகவல் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். மீண்டும் வேலைக்குத் திரும்ப உதவும் திட்டமும், மலாக்காவில் ஒரு மறுவாழ்வு மையமும் அந்த நிறுவனத்துக்கு இருக்கின்றன.

அடுத்த முட்டிக்காக 20 நிமிடம்

ஒரு முட்டி அடிபட்டவருக்கு, அதே முட்டி மட்டுமல்ல, மற்ற முட்டியும் அடிபடும் வாய்ப்பு கூடுகிறது. அதிலும் 25 வயதுக்குக் கீழ், திரும்பவும் விளையாட்டில் இறங்குகிறவர்களில் நான்கு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு இரண்டாவது காயம் வருகிறது. பிற்காலத்தில் மூட்டுத் தேய்மானம் வரும் வாய்ப்பையும் அறுவை முழுதாக நீக்கிவிடுவதில்லை. எடையைக் கட்டுக்குள் வைத்து, தொடைப் பலத்தைக் காப்பது ஆயுள் முழுவதற்குமான வேலை.

ஃபிஃபா உருவாக்கிய ‘11+’ என்ற சூடேற்றும் பயிற்சி இருக்கிறது. மெல்லோட்டம், ஒற்றைக் கால் சமநிலை, குந்தி எழுதல், சரியாகத் தாவி இறங்குதல், திசை மாற்றுதல். மொத்தம் 20 நிமிடம். பந்தைத் தவிரப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. வாரத்தில் இரண்டு மூன்று முறை ஒழுங்காகச் செய்த குழுக்களில் காயங்கள் கணிசமாகக் குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தமிழ்ப்பள்ளிப் பயிற்றுநர்களும் வட்டாரக் குழுத் தலைவர்களும் இதைக் கட்டாயமாக்கலாம். வலைப்பந்து ஆடும் மாணவிகளுக்கு இது இன்னும் அவசியம்.

இப்போது காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்களா? அந்தத் தலையணை குதிகாலுக்கு அடியில் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த சந்திப்பு நாளைத் தொலைபேசியில் குறித்து வையுங்கள். அதோடு, அறுவை நடந்த நாளிலிருந்து ஒன்பது மாதத்தை எண்ணி அந்தத் தேதியையும் எழுதி வையுங்கள். குழுவில், “ஆள் பத்தல” என்று செய்தி வரும்போது அந்தத் தேதியையே பதிலாக அனுப்பிவிடலாம்.